ஆஸ்திரேலியாவில் காரில் ஊர் சுற்றினால்: ராட்சத வாழைப்பழமும் ஒற்றை விரல் வணக்கமும்

வயதான அப்பா அம்மாவோடு சிட்னியில் மகன் வீட்டுக்கு வரப்போகிறீர்கள், அங்கிருந்து காரிலேயே பிரிஸ்பேன் வரை போக எண்ணம், மனது வந்தால் அடுத்த முறை உள்நாட்டுப் பாலைவனப் பக்கமும் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். வழியில் வேடிக்கையாக என்ன பார்க்கலாம், நம் ஊர்ப் பழக்கத்துக்கு எதெல்லாம் புதிதாக இருக்கும் என்பது கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்தச் சாலைகளில் வேலைக்காகவும் ஊர் சுற்றவும் நிறைய ஓட்டியிருக்கிறேன் என்பதால் நிறுத்திச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவின் நிலப்பரப்பு தமிழ்நாட்டைப்போல ஏறத்தாழ 59 மடங்கு. மக்கள் தொகையோ சுமார் 2.7 கோடி. அவர்களிலும் பெரும்பாலானோர் கடலோர நகரங்களில் இருக்கிறார்கள். மிச்ச நாடு காலி. சாலையில் நீங்கள் காணப்போகும் விசித்திரங்களில் முக்கால்வாசிக்கு இந்தக் காலியிடம்தான் காரணம்.

ஓட்டுவது பற்றிப் பயப்பட வேண்டாம். இங்கேயும் இடதுபுறம்தான். நம் ஊர் லைசென்சில் ஆங்கிலம் இருப்பதால் சுற்றுலாவாக வருபவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டலாம். கார் வாடகைக்கு எடுப்பதானால் அந்த நிறுவனத்தின் நிபந்தனைகளை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். ரவுண்டானாவில் வலதுபுறமிருந்து ஏற்கெனவே சுற்றி வருபவருக்கு வழி விட வேண்டும். இதை யாரும் சைகை காட்டிப் பேரம் பேசுவதில்லை. விடுகிறார்கள், போகிறார்கள்.

பழக வேண்டியது ஹாரன் விஷயம். நம் ஊரில் ஹாரன் ‘நான் வருகிறேன்’ என்ற அறிவிப்பு. இங்கே அது கிட்டத்தட்ட திட்டு. பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால் நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டீர்கள் என்று பொருள். நீங்கள் அடித்தால் முன்னால் போகிறவர் கண்ணாடியில் உங்களை முறைத்துப் பார்ப்பார்.

அப்புறம் கேமரா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஓட்டுநர் கையில் போன் இருக்கிறதா என்று மேலேயிருந்து மடி வரை படம் எடுக்கும் கேமராக்கள் இருக்கின்றன. 2024 முதல் அதே கேமராக்கள் சீட் பெல்ட்டையும் பார்க்கின்றன. உங்கள் அம்மா பின் சீட்டில் ‘பக்கத்து ஊர்தானே’ என்று பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அபராதம் ஓட்டுகிற உங்களுக்கும் சேர்த்து வரும். பெல்ட்டைச் சட்டமாக்கிய விஷயத்தில் இவர்கள் உலகுக்கே முன்னோடி. விக்டோரியா மாநிலம் 1970லேயே கட்டாயமாக்கிவிட்டது. 7 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும், மடியில் வைத்துக்கொள்ள முடியாது. பள்ளிக்கூடப் பகுதியில் காலை 8 முதல் 9.30 வரையும் மாலை 2.30 முதல் 4 வரையும் வேகம் 40தான். தெற்கு ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பகுதியில் குழந்தைகள் இருக்கும்போது 25. சாலை காலியாக இருக்கிறதே என்று யாரும் மீறுவதில்லை.

வழியில் போலீஸ் நிறுத்தினால் பதற வேண்டாம். எந்தச் சந்தேகமும் இல்லாமலேயே வரிசையாக வண்டிகளை நிறுத்தி மது சோதனை செய்வார்கள். ஒரு சிறு கருவியை முகத்தருகே நீட்டி, ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்வார்கள். எண்ணி முடித்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். பைக்குள் கை விடுவது, இறங்கிப் போய்ப் பேசுவது எதுவும் தேவையில்லை. இறங்காமல் இருக்கையில் உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை.

சரி, வேடிக்கைக்கு வருவோம்.

இந்த நாட்டில் சாலையோரம் ராட்சத உருவங்கள் கட்டும் ஒரு பைத்தியம் உண்டு. ராட்சத இறால், ராட்சத மாம்பழம், ராட்சத செம்மறி ஆடு என்று 150க்கும் மேற்பட்டவை நாடு முழுவதும் நிற்கின்றன. 1963ல் அடிலெய்டில் ஒரு மோட்டலில் நிறுத்திய ஸ்காட்லாந்துக்காரர் சிலைதான் இவற்றில் மூத்தது என்பார்கள். ஆனால் பெயர் வாங்கியது உங்கள் பாதையிலேயே வரும் வாழைப்பழம். சிட்னிக்கு வடக்கே 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும் காஃப்ஸ் ஹார்பரில், 1964ல், ஒரு வாழைத்தோட்டக்காரர் தன் சாலையோரக் கடைக்கு ஆள் வர வேண்டும் என்று 13 மீட்டர் நீளத்தில் ஒரு கான்கிரீட் வாழைப்பழத்தைக் கட்டினார். ஹவாயில் ஒரு பெரிய அன்னாசியைப் பார்த்துவிட்டு வந்த யோசனையாம். பழத்துக்குள் புகுந்து நடக்கலாம். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லோரும் நடக்கிறார்கள், நீங்களும் நடப்பீர்கள்.

நம் ஊர் எல்லையில் ஐயனார் குதிரை நிற்பதைப்போல இங்கே ஊர் முகப்பில் ஒரு இறால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயனார் காவலுக்கு நிற்கிறார், இறால் வியாபாரத்துக்கு நிற்கிறது. நெடுஞ்சாலையில் 110ல் போகிறவன் எதற்காக ஒரு சின்ன ஊரில் பிரேக் போட வேண்டும்? அந்தக் கேள்விக்கு ஊர்க்காரர்கள் கொடுத்த பதில்தான் இந்தச் சிலைகள்.

அதனால் சாலை நகர்ந்தால் சிலையும் நகர வேண்டியிருக்கிறது. கோல்பர்ன் என்ற ஊர் கம்பளிக்குப் பெயர் போனது. அங்கே 1985ல் 15 மீட்டர் உயரத்தில் மெரினோ என்ற செம்மறி இனத்துக் கிடா ஒன்றைக் கட்டினார்கள். 1992ல் நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிப் போகும்படி புறவழிச்சாலை வந்ததும் கிடாவைத் தேடி வருபவர்கள் குறைந்துபோனார்கள். விடுவார்களா? 2007ல் அத்தனை பெரிய கிடாவையும் பெயர்த்து, லாரியில் ஏற்றி, முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் நகர்த்தி, நெடுஞ்சாலை இறங்குமிடத்தின் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். வயிற்றுக்குள் படியேறிப் போனால் கண் வழியாக ஊரைப் பார்க்கலாம். பின்புறத்திலும் சிற்பி எந்தக் குறையும் வைக்கவில்லை. குழந்தைகளோடு போனால் அந்தப் பக்கம் நின்று படம் எடுக்கும்போது சிரிப்பு நிச்சயம்.

உங்கள் பாதையில் பாலினா ஊரின் இறாலும் வரும். அதற்கு முதலில் வால் கிடையாது, ஒரு பெட்ரோல் பங்க் வளாகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வளாகம் மூடிப் போய், 2009ல் இறாலை இடித்துக்கொள்ளலாம் என்று உள்ளூர் மன்றம் அனுமதியும் கொடுத்தது. ஊரே எதிர்த்தது. பிறகு அந்த இடத்துக்கு வந்த பன்னிங்ஸ் என்ற வன்பொருள் கடை 2013ல் அதைச் செப்பனிட்டு, வாலும் வைத்துத் தன் கார் நிறுத்துமிடத்தில் நிற்க வைத்துவிட்டது. இன்றைக்கு ஆணியும் பெயிண்ட்டும் வாங்க வருபவர்களை ஒரு மாபெரும் இறால் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. குயின்ஸ்லாந்தின் போவென் ஊரில் 10 மீட்டர் மாம்பழம் ஒன்று உண்டு. 2014ல் ஒரு நாள் காலையில் அதைக் காணோம்! நாடு முழுக்கச் செய்தி. கடைசியில் பார்த்தால் ஒரு கோழி வறுவல் கடைக்காரர்களின் விளம்பர வேலை. இந்த நகைச்சுவை உங்களுக்குப் பிடித்துவிட்டால் ஆஸ்திரேலியா பிடித்துவிடும். பிடிக்காவிட்டால் கஷ்டம்தான்.

வாழைப்பழத்தோடு நிற்காமல் இன்னும் 25 கிலோமீட்டர் வடக்கே போய் உல்குல்காவில் இறங்குங்கள். கடற்கரைச் சிற்றூரில் குன்றின் மேல் வெள்ளைக் குவிமாடங்களோடு ஒரு குருத்வாரா! கரும்புத் தோட்டங்களில் வேலை தேடி வடக்கே குயின்ஸ்லாந்துக்கு வந்த பஞ்சாபிகள் பலர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கே வாழைத்தோட்ட வேலைக்கு இறங்கி வந்தார்கள், பின்னர் தோட்டங்களையே வாங்கினார்கள். 1968ல் இந்த ஊரில் முதல் சீக்கியக் கோவில் திறக்கப்பட்டது. இப்போது வாழை குறைந்து புளூபெரி அதிகமாகிவிட்டது. மலையோரம் வெள்ளை வலை போர்த்தியிருப்பதெல்லாம் அதுதான். என்னைக் கேட்டால் கான்கிரீட் வாழைப்பழத்தைவிட இந்த ஊர்தான் அந்தப் பாதையின் பெரிய அதிசயம்.

சிலை கட்டப் பணமில்லாத ஊர்கள் வேறு வழி கண்டன. கோதுமை சேமிக்கும் கான்கிரீட் குதிர்கள் 30 மீட்டர் உயரத்துக்கு எங்கும் நிற்கின்றன. அவற்றில் பல பயன்பாடின்றி சும்மா நின்றன. விக்டோரியாவின் பிரிம் என்ற குட்டி ஊரில் 2016ன் தொடக்கத்தில் ஒரு ஓவியர் அப்படிப்பட்ட குதிரின் மேல் நான்கு விவசாயிகளின் உருவங்களை முழு உயரத்துக்கு வரைந்து முடித்தார். பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர்களும் தொடங்கின. இப்போது அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குதிர் ஓவியப் பாதையே இருக்கிறது. இதெல்லாம் ஊரோடு சேர்ந்து செய்தது. தனி ஆட்கள் செய்யும் கிறுக்குத்தனம் வேறு. பண்ணை வாசல்களில் தபால் பெட்டியைக் கவனித்துக்கொண்டே போங்கள். பழைய மைக்ரோவேவ், பால் கேன், டிராக்டர் எஞ்சின், கூரை போட்ட குட்டி வீடு என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். பண்ணை வீடு உள்ளே எங்கோ இருக்கும், வாசலில் இந்தப் பெட்டிதான் அவர்கள் முகம். வடக்குப் பிரதேசத்தில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை ஓரத்துக் கறையான் புற்றுகளுக்கு யாரோ போகிற போக்கில் பனியனும் தொப்பியும் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். புற்றைக் கண்டால் மஞ்சளும் பாலும் வைக்கிற நமக்கு, பனியன் போட்ட புற்று கொஞ்சம் திடுக்கிடத்தான் வைக்கும்.

பிரிஸ்பேன் போகும் வழியில் ஒரு மாநில எல்லை வருகிறது. இந்தப் பக்கம் ட்வீட் ஹெட்ஸ், அந்தப் பக்கம் கூலங்கட்டா. நடுவில் ஒரு தெருதான், ஊர் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. அக்டோபர் தொடக்கம் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நியூ சவுத் வேல்ஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும், குயின்ஸ்லாந்து வைக்காது. அதனால் அந்த ஆறு மாதம் தெருவைத் தாண்டினால் மணி மாறுகிறது. இந்தப் பக்கம் புத்தாண்டு கொண்டாடிவிட்டு நடந்தே அந்தப் பக்கம் போய் இன்னொரு முறை கொண்டாடுபவர்கள் உண்டு. நீங்கள் கோடையில் வந்தால் விடுதியில் வருவதாகச் சொன்ன நேரம், திரும்பும் விமானம் எல்லாவற்றையும் எந்த ஊர் மணி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குயின்ஸ்லாந்துக்குள் இன்னும் வடக்கே போகிறவர்களுக்கு ஒரு விளையாட்டு காத்திருக்கிறது. நீண்ட சாலையில் ஓட்டுநர் கண்ணயர்ந்துவிடக் கூடாது என்று வினாடி வினாப் பலகை வைத்திருக்கிறார்கள். மாநில மலர் எது என்கிற மாதிரி ஒரு கேள்வி வரும். பதில் சில கிலோமீட்டர் தாண்டி இன்னொரு பலகையில் இருக்கும். காருக்குள் சண்டை போடப் போதுமான இடைவெளி. (குக்டவுன் ஆர்க்கிட். இனி நீங்கள் ஜெயிக்கலாம்.)

பாலைவனப் பக்கம் போவதென்றால் அது வேறு கணக்கு. அடிலெய்டுப் பக்கமிருந்து பெர்த்துக்குப் போகும் நல்லர்பார் சமவெளிச் சாலையில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட விழுப்புரம் வரை ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் போகிற அளவு. நடுநடுவே சாலை அகலமாகி, தரையில் விமான ஓடுதளக் கோடுகள் தெரியும். அது ஓவியம் இல்லை. 1928ல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம், அவசரத்துக்கு நெடுஞ்சாலையிலேயே இறங்கும் இடம். ஆம்புலன்ஸ் வந்து சேரும் தூரத்தில் மருத்துவமனை இல்லாத இடத்தில் வேறென்ன செய்வது. அங்கே யூக்ளா என்ற சிற்றூரும் சுற்றியுள்ள சில விடுதிகளும் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள், பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னே. அரசாங்கம் அறிவித்த நேரம் இல்லை, அவர்களாக வைத்துக்கொண்டது. கூகுளைவிட அங்கே சுவரில் தொங்கும் கடிகாரத்தை நம்புங்கள்.

அதே சாலையில் உலகின் மிக நீளமான கோல்ஃப் மைதானமும் உண்டு. 18 குழிகள், மொத்த நீளம் 1,365 கிலோமீட்டர். ஒரு ஊரில் ஒரு குழி ஆடிவிட்டு, கார் ஓட்டி, அடுத்த ஊரில் அடுத்த குழி. 2009ல் தொடங்கினார்கள், காரணம் பழைய காரணம்தான்: போகிறவர்களை நிறுத்தி வைக்க வேண்டும். பலடோனியாவில் ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் துண்டு உண்டு. 1979 ஜூலையில் அது உடைந்து இந்த வட்டாரத்தில்தான் விழுந்தது. எஸ்பெரன்ஸ் உள்ளாட்சி மன்றம் ‘குப்பை போட்டதற்காக’ நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு எழுதியது. நாசா கட்டவில்லை. 2009ல் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தன் நேயர்களிடம் வசூலித்துக் கட்டி முடித்தார்.

இந்தப் பாதைகளில் எதிரே வருவது ரோட் டிரெயின். ஒரு லாரித் தலை, பின்னால் மூன்று நான்கு பெட்டிகள், நீளம் 53.5 மீட்டர் வரை. அதை ஓவர்டேக் செய்ய, எதிரே ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலிச் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் ஊரில் லாரியைத் தாண்டுகிற கணக்கு இங்கே செல்லாது. அவசரம் இல்லாவிட்டால் பின்னாலேயே போங்கள்.

பாலைவனத்தில் ஓர் ஊரைச் சொல்லத்தான் வேண்டும். அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டரில் கூபர் பீடி. 1915ல், தங்கம் தேடி வந்த கூட்டத்தோடு இருந்த 14 வயதுப் பையன் ஒருவன் ஓப்பல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்ததில் பிறந்த ஊர். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும் என்பதால் பாதிப் பேர் நிலத்தைக் குடைந்து உள்ளே வாழ்கிறார்கள். உள்ளே ஆண்டு முழுவதும் 23, 25 டிகிரிதான், ஏசி வேண்டாம். தேவாலயமும் விடுதியும்கூடப் பூமிக்குள்ளே. வெளியே எங்கும் சுரங்கக் குழிகள் திறந்து கிடப்பதால், பின்னோக்கி நடக்காதே என்று எச்சரிக்கைப் பலகை. படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகர்கிறவர்களுக்காகத்தான் அது. அங்கே காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திரையரங்கில், வெடிமருந்தை உள்ளே கொண்டு வராதீர்கள் என்று படத்துக்கு முன் ஒரு சிலைடு போடுவது வழக்கம். சுரங்கக்காரர் ஊரில் அது ஒரு காலத்தில் நிஜமாகவே தேவைப்பட்ட வேண்டுகோள்.

சாலையோர மஞ்சள் பலகையில் ஒட்டகம் படம் இருந்தால் வேடிக்கை என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே குறுக்கே வரும். 1860ல் பர்க், வில்ஸ் என்பவர்களின் ஆய்வுக் குழு போன உள்நாட்டுப் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து கப்பலில் ஒட்டகங்கள் வந்தன. பிறகும் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தன, கூடவே அவற்றை ஓட்டும் ஆட்களும். ரயிலும் லாரியும் வந்தபின் அவிழ்த்துவிட்டார்கள், அவை காட்டு ஒட்டகமாகப் பெருகிவிட்டன.

உங்களுக்கு அதிகம் எதிர்ப்படப்போவது கங்காரு. விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் சாலைக்கு வரும், வெளிச்சத்தைக் கண்டு எந்தப் பக்கம் தாவும் என்று அதற்கே தெரியாது. அதனால் ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டுவதைத் தவிருங்கள். தொலைதூரப் பகுதிகளில் இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று சில வாடகை ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். நம் ஆட்கள் ‘ராத்திரி கிளம்பினால் டிராஃபிக் இல்லாமல் போயிடலாம்’ என்று போடும் திட்டம் இங்கே தலைகீழ். சாலையோரம் இறந்து கிடக்கும் கங்காரு மேல் பெயிண்ட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். பையில் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று யாரோ ஏற்கெனவே இறங்கிப் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் அது. தாய் செத்தும் பைக்குள் குட்டி பிழைத்திருக்கும். வனவிலங்கு மீட்புத் தொண்டர்கள் அதை வீட்டில் துணிப்பையில் தொங்கவிட்டு வளர்ப்பார்கள். குறி இல்லாத ஒன்றைக் கண்டால் இறங்கும் தைரியம் எல்லோருக்கும் இருக்காது. மீட்பு எண்ணுக்குப் போன் செய்தால் போதும்.

சிற்றூர்ச் சாலையில் எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். வணக்கம் அவ்வளவுதான். தெரிந்தவர் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்க வேண்டாம், நீங்களும் ஒரு விரல் தூக்குங்கள். முழுக் கையை ஆட்டினால் சிட்னிக்காரர் என்று தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் இது கிடையாது, ஒரு மணி நேரத்துக்குப் பத்து வண்டி வருகிற சாலையில்தான். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி நாட்களில் ஓய்விடங்களில் கூடாரம் போட்டு, வயதான தன்னார்வலர்கள் டீயும் காபியும் பிஸ்கட்டும் ஓட்டுநர்களுக்கு இலவசமாகத் தருவார்கள். எதையும் விற்க மாட்டார்கள். உங்கள் ஊர் எது, எங்கே போகிறீர்கள் என்று விசாரிப்பார்கள், உங்கள் அப்பாவுக்கு நல்ல பேச்சுத்துணை.

பண்ணை வாசலில் ஒரு மேசை, அதில் முட்டை அல்லது எலுமிச்சை, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. ஆளே இருக்க மாட்டார்கள். சில இடத்தில் மூட்டை மூட்டையாகக் குதிரைச் சாணம், மூட்டைக்கு இரண்டு டாலரோ மூன்றோ என்று கையால் எழுதிய பலகையோடு. தோட்டத்துக்கு எடுத்துப் போவார்கள். சில்லறை நாணயம் கையில் இருக்கட்டும், டப்பாவில் கார்டு தேய்க்க முடியாது. பெட்ரோல் பங்க்கில் ஆள் வந்து போடமாட்டார். நீங்களே நிரப்பிவிட்டு, எந்தப் பம்ப் என்ற எண்ணைக் கடைக்குள் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். பக்கத்தில் வாளியில் தண்ணீரும் துடைப்பானும் இருக்கும், பூச்சி அப்பிய கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம், காசு இல்லை.

சூப்பர் மார்க்கெட்டுக்குள் வெறுங்காலோடு ஆட்கள் உலவினால் வறுமை என்று நினைக்க வேண்டாம். கடற்கரையிலிருந்து நேரே வந்திருப்பார்கள். பெரியவர், சின்னவர் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உங்களையும் அப்படித்தான், ‘சார்’ கிடையாது. டாக்சியில் ஒற்றை ஆளாக ஏறினால் ஓட்டுநர் பக்கத்தில் முன் சீட்டில் உட்காருவது பலர் வழக்கம், பின்னால் உட்கார்ந்தால் எஜமானத்தனம் என்று நினைக்கிற தலைமுறை இன்னும் உண்டு.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் அடிபடுவார்கள். சிற்றூர் பப்பில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு அடுக்களை மூடிவிடும். எட்டரைக்குப் போய் நின்றால் பீர் கிடைக்கும், சோறு கிடைக்காது. கெஞ்சினாலும் பயனில்லை, சமையல்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்டி ஒரு எண்ணை வாங்கி வந்து மேசையில் வைக்க வேண்டும். காபிக் கடைகள் பல மதியம் இரண்டு மூன்று மணிக்கே மூடுகின்றன. சைவம் என்றால் உருளை வறுவலும் சாலடும் தாண்டி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அதனால் முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். பூங்காக்களில் மின் அடுப்புத் தட்டு இலவசமாக இருக்கும், பொத்தானை அழுத்தினால் சூடாகும். முந்தினவர் அதில் மாட்டிறைச்சி வாட்டியிருக்கலாம் என்பதால் நம்மவர்கள் அலுமினியத் தாளை விரித்துத் தோசையும் பன்னீரும் போடுகிறார்கள். முடித்ததும் துடைத்துவிட்டுப் போவது எழுதாத சட்டம். தோசை ஓட்டலில்தான் வேண்டும் என்றால் சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோவிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, கோவில் கேன்டீனில் சாப்பிட்டு, அப்படியே கடலின் மேல் வளைந்து போகும் சீ கிளிஃப் பாலத்தில் ஓட்டி வாருங்கள். அதுவே ஒரு நாள் பயணம்.

உணவு விஷயத்தில் எச்சரிக்கை ஒன்று. விமான நிலையத்தில் ஊறுகாய், பருப்புப் பொடி, பால் இனிப்பு, விதை எதுவானாலும் வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறித்துவிடுங்கள். அறிவித்தால் மிஞ்சிப்போனால் பொருள்தான் போகும், அறிவிக்காவிட்டால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டு வராதீர்கள். நாட்டுக்குள்ளேயும் சில மாநில எல்லைகளில் இந்தச் சோதனை உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழம், காய்கறி மட்டுமல்ல, தேன்கூட ஏற்றிப் போக முடியாது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போகும் சாலையில் பழ ஈ வராமலிருக்கப் பழத்தைப் போடும் தொட்டிகள் இருக்கும். சிட்னியில் வாங்கிய ஆறு ஆப்பிளை அதன் பக்கத்தில் நின்று அவசரமாகத் தின்று தீர்க்கும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிரிஸ்பேன் பாதையில் காரை நிறுத்திப் பையைச் சோதிக்கும் செக்போஸ்ட் எதுவும் வராது.

கழிப்பறை பற்றி வயதானவர்களோடு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள், கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. எந்தச் சிற்றூரிலும் பூங்காவுக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை இருக்கும், காசு கிடையாது, பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எங்கெங்கே இருக்கிறது என்று அரசாங்கமே ஒரு வரைபடம் இணையத்தில் வைத்திருக்கிறது. தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே இருக்காது, காகிதம்தான். காரில் ஒரு சின்ன செம்போ பாட்டிலோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பிரிப்பது பற்றி என் யோசனை. சிட்னியிலிருந்து பிரிஸ்பேன் 900 கிலோமீட்டருக்கு மேல். பசிபிக் நெடுஞ்சாலை 2020 இறுதியில் முழுதும் நால்வழிச் சாலையாகிவிட்டது, அதனால் ஒரே நாளில் ஓட்டிவிட முடியும், ஓட்டினால் எதையும் பார்க்க மாட்டீர்கள். புறவழிச்சாலை பெரும்பாலான ஊர்களை அழகாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். காஃப்ஸ் ஹார்பர் பக்கம் ஒரு இரவு, பாலினா அல்லது பைரன் பே பக்கம் ஒரு இரவு என்று வையுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எந்த ஊர்ப் பலகை வந்தாலும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, அங்கே ஒரு பேக்கரி தேடுங்கள். எந்தக் குட்டி ஊரிலும் ஒரு பேக்கரி இருக்கும், காய்கறி பை (pie, மாவுக்குள் காய்கறி வைத்துச் சுட்டது) ஒன்று அநேகமாகக் கிடைக்கும், சூடாக இருக்கும். மாலை ஐந்துக்குள் தங்குமிடம் சேருங்கள், ஆறு மணிக்குச் சாப்பிட உட்காருங்கள். அவசர எண் 000. பிரிஸ்பேன் வரை போன் சிக்னல் அநேகமாக எங்கும் கிடைக்கும். பாலைவனப் பக்கம் போவதென்றால் அது கிடையாது, டிக்கியில் ஆளுக்கு நாலைந்து லிட்டர் குடிதண்ணீர் கூடுதலாக வைத்துக்கொண்டு, எந்த ஊரை எப்போது தாண்டுவோம் என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.